மன்னித்தீர்கள், சரி. மன்னிப்புக் கேட்டீர்களா?

ஜார்ஜியா மாநில மன்னிப்பு மற்றும் பரோல் வாரியத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இந்தக் கடிதத்தை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். படிக்க வேண்டியவர்கள் நீங்கள் அல்லவா. இரண்டு பத்தி ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது. ஒரு சொல்தான் காரணம். ஆங்கிலத்தில் குற்றவாளிக்கு அரசு கொடுப்பது ‘பார்டன்’. தப்பு செய்தவர் கேட்பது ‘அபாலஜி’. முதல் சொல்லைச் சொல்லும்போது இரண்டாவது நினைவுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. தமிழில் அந்த வசதி கிடையாது. கொடுத்தாலும் மன்னிப்புதான், கேட்டாலும் மன்னிப்புதான். அதனால் தமிழில் ஒருவர் ‘மன்னிப்பு’ என்று வாயைத் திறந்தாலே, யார் யாரிடம் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும்.

2005 ஆகஸ்டில் உங்கள் வாரியம் லீனா பேக்கர் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு முழுமையான, நிபந்தனையற்ற மன்னிப்பு வழங்கியது. அப்போது அவர் இறந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது. அவரை மின்சார நாற்காலியில் உட்கார வைத்துக் கொன்றது இந்த மாநிலம். அதற்கு முன் கருணை மனுவைத் தள்ளியது உங்கள் வாரியம். சரி, இதில் யார் யாரை மன்னித்தது?

ஆங்கிலப் பிரதி தனியாகத் தபாலில் வருகிறது. இது என் சனமும் படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழில்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். குடியுரிமை வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் ஜூரி வேலைக்கு அழைப்பு வந்தது. நம்மவர்களில் பாதிப் பேர் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எப்படித் தட்டிக்கழிக்கலாம் என்றுதான் விசாரிப்பார்கள். நானும் விசாரித்தேன். கடைசியில் போனேன். பெரிய கூடம், வாயில் வைக்க முடியாத காபி, நூறு பேருக்கு மேல் கூட்டம். பாதிக்குப் பாதி பெண்கள். கறுப்பினத்தவர், கொரியர், மெக்சிகோக்காரர்கள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சுலோகம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு குஜராத்தி அம்மா. என் எண்ணைக் கடைசி வரை கூப்பிடவில்லை. நாலு மணிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காத்திருந்த நேரத்தில், இதே மாநிலத்தில் ஒரு காலத்தில் ஜூரியை எப்படிப் பொறுக்கினார்கள் என்று ஃபோனில் படித்துக்கொண்டிருந்தேன். லீனா பேக்கர் அங்கேதான் எதிரே வந்தார். அடுத்த மாதமே ஒரு சனிக்கிழமை கத்பர்ட் வரை காரை எடுத்துக்கொண்டு போய்வந்தேன்.

கத்பர்ட், ரான்டால்ஃப் கவுண்டியின் தலைநகர். இங்கிருந்து தென்மேற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். கடைசி ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் நிலக்கடலையும் பருத்தியும்தான். ஜாஸ் கேட்பவர்களுக்கு ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் பிறந்த ஊர் என்றால் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேறு காரணம் இல்லை.

லீனா அந்த ஊர்க்காரர். பருத்தி எடுத்தார், வீட்டு வேலை செய்தார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார். எர்னஸ்ட் நைட் என்ற வெள்ளைக்காரர் ஒரு மாவு மில்லுக்குச் சொந்தக்காரர். அறுபதைத் தாண்டிய வயது, கால் முறிந்து கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள லீனாவை வேலைக்கு வைத்தார்கள். வேலை என்று ஆரம்பித்தது சீக்கிரமே வேறாக மாறியது. வரச் சொன்னால் வர வேண்டும், இரு என்றால் இருக்க வேண்டும். நாள் கணக்கில் மில்லுக்குள் வைத்துப் பூட்டியதும் உண்டு. ஊருக்கு விஷயம் தெரியும். ஊர் எரிச்சல்பட்டது, எச்சரித்தது. எச்சரித்தது யாரை? லீனாவை. கறுப்பரும் வெள்ளையரும் மணம் செய்துகொள்ளக் கூடாது என்று ஜார்ஜியாவில் சட்டமே இருந்தது. 1967-ல் உச்ச நீதிமன்றம் தூக்கிப் போடும் வரை அந்த வகைச் சட்டம் நின்றது. ஒரு வெள்ளைக்காரர் ஒரு கறுப்பினப் பெண்ணை மில்லுக்குள் பூட்டுவதைத் தடுக்கத்தான் அதே ஊரில் யாரும் வரவில்லை.

1944 ஏப்ரல் கடைசி வாரத்தின் இறுதி. நைட் வந்து கூட்டிப் போனார். மில்லில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வந்தார். லீனா போகிறேன் என்றார். நைட் இரும்புக் கம்பியைத் தூக்கினார். அவருடைய கைத்துப்பாக்கிக்காக இருவரும் இழுபறி. அது வெடித்து நைட் இறந்தார். லீனா ஓடி ஒளியவில்லை. நேராக மரண விசாரணை அதிகாரியிடம் போய், நடந்ததை அவரே சொன்னார்.

இனி விசாரணை. ஆகஸ்ட் 14, ஒரே நாள். மேடையில் உட்கார்ந்திருந்த நீதிபதி வொரில், மேஜை மேல் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துகிறவர். ‘இரட்டைத் துப்பாக்கி’ என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். ஜூரி பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். கூடிப் பேசியது அரை மணி நேரம்கூட இல்லை. குற்றவாளி. கருணைக்குப் பரிந்துரை இல்லை, ஆகவே மரணம். அரசு நியமித்த வக்கீல் மேல்முறையீடு ஒன்றைப் போட்டுவிட்டு, வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார்.

பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் என்பது தற்செயலாக அமைந்தது இல்லை. பெண்கள் ஜூரியில் உட்கார 1950கள் வரை இந்த மாநிலம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பெண்கள் கிடையாது. கறுப்பின ஆண்களோ, காகிதத்தில் தகுதி உள்ளவர்கள்தான். அவர்களை வெளியே வைக்க வேறு ஏற்பாடு. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், பிடித்த என்று சொல்லக் கூடாதுதான், அட்லாண்டா நகரம் இருக்கிற ஃபுல்டன் கவுண்டியில் இருக்கிறது. வெள்ளையர் பெயரை வெள்ளைச் சீட்டில் எழுதினார்கள். கறுப்பர் பெயரை மஞ்சள் சீட்டில் எழுதினார்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு, நீதிபதி கையை விட்டு எடுப்பார். அறுபது பேர் வந்தார்கள். ஒருவர்கூட கறுப்பர் இல்லை. நான் பாரபட்சம் பார்க்கவில்லை என்று நீதிபதி சத்தியம் செய்தார். அப்படிப் பொறுக்கிய ஜூரி கொடுத்த தீர்ப்பை 1953-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் ஊர் ஏலச்சீட்டில்கூட இப்படி நிறம் பிரித்துச் சீட்டு எழுதிக் குலுக்கினால், சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

ஜூரியை விட என்னை அதிகம் உலுக்கியது இன்னொன்று. ஜார்ஜியாவில் அப்போது குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கிலேயே சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பழைய வழக்கம். மற்ற மாநிலங்கள் எல்லாம் கைவிட்ட பிறகும் ஜார்ஜியா மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்று, சத்தியம் இல்லாமல், ஒரு ‘வாக்குமூலம்’ சொல்லலாம். அவ்வளவுதான். சொந்த வக்கீல்கூட, “அம்மா, அவர் கம்பியைத் தூக்கியபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்?” என்று கேட்டு, பதிலை வாங்கி, ஜூரியின் காதில் போட முடியாது. 1961-ல்தான் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முடிவு கட்டியது.

யோசித்துப் பாருங்கள். பூட்டிய மில்லுக்குள் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார். உள்ளே நடந்ததைச் சொல்ல உயிரோடு இருப்பது ஒரே ஆள். அந்த ஆளின் பேச்சைச் சாட்சியம் என்றே எடுத்துக்கொள்ளாத சட்டம். இந்த விதி வெள்ளைக்காரருக்கும் பொருந்தும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நீதிமன்றத்தில் ஒரு வெள்ளை மனிதரின் சொல்லுக்குச் சத்தியம் தேவையே இல்லை. ஒரு கறுப்பின வேலைக்காரியின் சொல்லுக்கு இருந்திருக்கக்கூடிய ஒரே எடை சத்தியம்தான். அதுவும் இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

உங்கள் வாரியம் பிறந்த கதை நல்ல கதை. அதற்கு முன் கருணை காட்டும் அதிகாரம் ஆளுநர் கையில் இருந்தது. மன்னிப்பு விலைக்குப் போகிறது என்று நாறியது. எல்லிஸ் ஆர்னல் ஆளுநராக வந்ததும் 1943-ல் அந்த அதிகாரத்தைப் பிடுங்கித் தனி வாரியத்திடம் கொடுத்தார்கள். அதே ஆர்னல் காலத்தில்தான் பதினெட்டு வயதில் ஓட்டு வந்தது, ஓட்டுப் போட வரி கட்டும் முறை ஒழிந்தது. நீங்கள் சீர்திருத்தத்தின் பிள்ளை. காசுக்கும் சிபாரிசுக்கும் மசியாமல், கோப்பைப் படித்து, மனசாட்சிப்படி முடிவு செய்யத்தான் உங்களை உண்டாக்கினார்கள்.

ஆர்னல் லீனாவின் தண்டனையை அறுபது நாள் தள்ளிவைத்தார். அவர் கையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். கோப்பு உங்களிடம் வந்தது. 1945 ஜனவரியில் முடியாது என்றீர்கள்.

மார்ச் 5, ரீட்ஸ்வில் சிறை. நாற்பத்து நான்கு வயது. ஜார்ஜியாவின் மின்சார நாற்காலியில் இறந்த ஒரே பெண் அவர். கடைசியாக அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. தான் செய்தது தற்காப்புக்குத்தான், இல்லாவிட்டால் தானே செத்திருப்பேன் என்றார். கடவுள் தன்னை மன்னித்துவிட்டார் என்றார். யார் மேலும் தனக்கு எதுவும் இல்லை என்றார்.

இந்த இடத்தைத்தான் நான் பலமுறை படித்தேன். யார் மேலும் எதுவும் இல்லை என்று ஒருவர் சொன்னால், எங்கள் ஊரில் அதற்கு ‘மன்னித்துவிட்டேன்’ என்றுதான் பொருள். ஆக, அன்று அந்த அறையில் ஒரு மன்னிப்பு கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தவர். வாங்கியவர்களில் நீங்களும் உண்டு. கேட்காமலே வாங்கிக்கொண்டீர்கள். 2005-ல் நீங்கள் திருப்பிக் கொடுத்தது அந்தச் சரக்கு இல்லை.

என் தமிழ் வாசகர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை. நீண்ட வார இறுதி வந்தால் அட்லாண்டாவிலிருந்து நாம் புளிசோறும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு பனாமா சிட்டி கடற்கரைக்குப் போகிறோமே, கொலம்பஸ் தாண்டி, அலபாமாவுக்குள் 431ஆம் நெடுஞ்சாலையில்? அந்தச் சாலை அபிவில் என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. சட்டஹூச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அபிவில், இந்தப் பக்கம் சற்றுத் தள்ளிக் கத்பர்ட். நானும் ஐந்தாறு முறை அந்த வழியில் போயிருக்கிறேன், பெட்ரோல் விலையைத் தவிர எதையும் பார்க்காமல்.

அபிவில்லில் 1944 செப்டம்பர் 3-ஆம் தேதி இரவு, மாதா கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ரீசி டெய்லர் என்ற இளம் தாயை ஆறு வெள்ளை இளைஞர்கள் துப்பாக்கி முனையில் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சிதைத்தார்கள். லீனாவுக்குத் தீர்ப்பு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ரீசி பயப்படாமல் புகார் கொடுத்தார். மாண்ட்கொமரியிலிருந்து விசாரிக்க வந்தவர் ரோசா பார்க்ஸ். பேருந்தில் இருக்கையை விட்டு எழாமல் உட்கார்ந்தது பதினோரு வருஷம் கழித்து. வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் முதல் ஜூரி வழக்கே இல்லை என்றது. கூச்சல் எழுந்ததும் இரண்டாவது ஜூரி கூடியது. அதுவும் 1945 பிப்ரவரியில் வழக்கே இல்லை என்றது. மூன்று வாரத்தில் ஆற்றின் இந்தப் பக்கம் லீனாவைக் கொன்றார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் காலத்துச் சட்டம் என்ன நினைத்தது என்று புரிகிறது. கறுப்பினப் பெண் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டால் கொலை. காப்பாற்ற முடியாமல் போய்ப் புகார் கொடுத்தால், குற்றமே நடக்கவில்லை. அவளிடம் காப்பாற்றத்தக்க ஒன்று இருக்கிறது என்பதையே அந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைப் பெண் என்றால் அதே சட்டம் பாய்ந்து எழுந்திருக்கும். 1930-லிருந்து 1967 வரை அமெரிக்காவில் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் 455 பேர். அதில் 405 பேர் கறுப்பர்கள். பெண்ணைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே நடந்த கணக்கு இது.

ரொம்பப் பழைய கணக்கும்கூட. இந்த மாநிலத்தில் 1908 வரை கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விட்டார்கள். அப்புறம் சங்கிலி போட்டுச் சாலை போட வைத்தார்கள். அங்கே கறுப்பினப் பெண்களும் வேலை செய்தார்கள். வெள்ளைப் பெண்கள் அநேகமாக இல்லை. மண் வெட்டும்போது அவள் ஆண். சமைக்கும்போது பெண். நீதிமன்றத்தில் இரண்டும் இல்லை.

திரும்ப உங்கள் கோப்புகளுக்கு வருகிறேன், ஏனென்றால் லீனா தனி ஆள் இல்லை.

ஸ்லை கவுண்டி, எலாவில். ஜிம்மி கார்ட்டரின் கடலைக் காடுகளுக்கு அக்கம்பக்கம்தான். ரோசா லீ இங்ரம், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்டவர், பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். 1947 ஆகஸ்டில் கணவர் இறந்தார். நவம்பரில் ரோசா லீயின் கால்நடைகள் பக்கத்துக் காட்டில் இறங்கிவிட்டன. பக்கத்துக் காட்டுக்காரர் ஸ்ட்ராட்ஃபோர்டு, வெள்ளைக்காரர், அவரும் வாரச் சாகுபடிதான், துப்பாக்கியோடு வந்தார். அதன் கட்டையால் ரோசா லீயை அடித்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அடிதடியில் ஸ்ட்ராட்ஃபோர்டு இறந்தார். மாடு மேய்ந்ததுதான் சண்டை என்று வழக்கில் எழுதினார்கள். அந்த ஆள் தன்னை வேறு மாதிரி அணுகிவந்ததும், தான் மறுத்ததும்தான் வேர் என்று ரோசா லீ பிறகு பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

1948 ஜனவரியில் ஒரே நாளில் விசாரணை. தாய்க்கும், பதின்ம வயது மகன்கள் இருவருக்கும் மரண தண்டனை. இளையவனுக்கு வயது 14. நாடே கொதித்தது. ஏப்ரலில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. குறைந்தது என்றுதான் எழுதுகிறார்கள். பதினாலு வயதுப் பையனுக்கு ஆயுள் தண்டனை எந்தக் கணக்கில் குறைவோ தெரியவில்லை.

அவர்களை வெளியே கொண்டுவர அலைந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். எண்பதைத் தாண்டிய உரிமைப் போராளி மேரி சர்ச் டெரல், கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் எழுதிய மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு 1949 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபைக்கே போனார். அடிமைத்தனம் ஒழிந்த வருஷங்களில் பிறந்தவர், கைத்தடியோடு உலக சபையின் படியேறினார். ஏன் அவ்வளவு தூரம்? பக்கத்தில், அட்லாண்டாவில், உங்கள் கதவு இருந்தது. தட்டினார்கள். நீங்கள் 1959 ஆகஸ்டு வரை திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகப்போகும் நேரத்தில் பரோல் கொடுத்தீர்கள். போகும்போது பதினாலாக இருந்த பையன் இருபத்தைந்தை ஒட்டி வெளியே வந்தான்.

நியாயமாகப் பேச வேண்டும். 2005-ல் நீங்கள் சொன்னதை நான் மறைக்கவில்லை. 1945-ல் லீனாவின் மனுவை மறுத்தது மிக மோசமான பிழை, இந்த வழக்கு கருணையைக் கேட்டுக் கூவியது என்று நீங்களே எழுதினீர்கள். எத்தனையோ அரசு அலுவலகங்கள் இந்த அளவுக்குக்கூட வாயைத் திறந்ததில்லை. ஆனால் உடனே ஒரு காலைப் பின்னால் வைத்தீர்கள்: லீனா நிரபராதி என்று சொல்ல வரவில்லை, தண்டனையைக் குறைத்திருக்கலாம் என்கிறோம் என்றீர்கள். 1986-ல் லியோ ஃப்ராங்க் விஷயத்திலும் இதே அடவு. 1915-ல் சிறையிலிருந்து கடத்திக் கும்பல் கொன்ற யூதர் அவர். அவரைக் காப்பாற்ற மாநிலம் தவறியது என்று ஒத்துக்கொண்டு மன்னித்தீர்கள். குற்றம் செய்தாரா இல்லையா என்பதைத் தொடவில்லை. செத்தவரைக் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்க வைத்து, “பரவாயில்லை, போ” என்பது மாதிரி இருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பாருங்கள். 2011-ல் அலபாமா சட்டமன்றம் ரீசி டெய்லரிடம் மன்னிப்புக் கேட்டது. கொடுக்கவில்லை, கேட்டது. அவர் அப்போது உயிரோடு இருந்தார், தொண்ணூறைத் தாண்டியிருந்தார். அந்த ஆறு பேரில் ஒருவர்கூடக் கடைசி வரை கூண்டில் ஏறவில்லை. அலபாமாவை உதாரணம் காட்டி ஜார்ஜியாவுக்குப் புத்தி சொல்ல வேண்டி வருமென்று நான் நினைத்ததில்லை.

“உனக்கென்ன இதில்?” என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். தமிழ்ச் சங்கத்தில் ஒரு அண்ணாச்சி, “நாம வந்தது நேத்து, அவங்க பிரச்சினை அவங்களோடது” என்றார். அண்ணாச்சி, நாம் இங்கே வந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முந்தைய ஏற்பாட்டில் இந்தியா முழுவதுக்கும் வருஷத்துக்கு நூறு பேர்தான். உரிமைப் போராட்டம் இந்த நாட்டைப் பிடித்து உலுக்கிய அதே வருஷங்களில்தான் அந்தக் கதவும் திறந்தது. நான் ஜூரிக் கூடத்தில் உட்கார்ந்து மோசமான காபி குடிக்க முடிந்ததற்குப் பின்னால் மஞ்சள் சீட்டை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஓசியில் வாங்கிக்கொண்டு, கொடுத்தவரின் பெயரைக் கேட்காமல் இருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

ஜார்ஜியா சட்டப்படி உங்கள் கோப்புகள் ‘மாநில ரகசியம்’. ஏதோ ராணுவ வரைபடம் மாதிரி. வாரியமே ரகசியத்தை விலக்கினால்தான் வெளியே வரும். அதாவது பூட்டும் உங்களுடையது, சாவியும் உங்களுடையது. 1943-லிருந்து, இனப்பிரிவினை சட்டமாக இருந்த காலம் முடியும் வரை, பெண்கள் கொடுத்த கருணை மனுக்கள், பரோல் மனுக்கள், அவற்றில் மறுக்கப்பட்டவை எல்லாவற்றையும் திறங்கள். மனுவில் அவர்கள் என்ன சொன்னார்கள், நீதிபதியும் ஷெரிஃபும் உங்களுக்கு என்ன எழுதினார்கள், நீங்கள் என்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள், யார் கையெழுத்துப் போட்டது. லீனா தன் வாயால் சத்தியம் செய்து சொல்ல முடியாமல் போன காலம் அது. அப்படி எத்தனை பெண்களின் பேச்சு உங்கள் அலமாரியில் மட்டும் மிச்சம் இருக்கிறதோ.

குடும்பத்தார் வந்து விண்ணப்பிக்கட்டும் என்று சொல்லாதீர்கள். லீனாவுக்கு மனுக் கொடுக்க அவருடைய உறவுக்காரர் இருந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் அடையாளமே இல்லாமல் கிடந்த அவர் குழியைத் தேடிப் பார்க்க ஊர்த் திருச்சபை இருந்தது. மனுக் கொடுக்க யாரும் மிஞ்சாதவர்கள்தான் உங்களிடம் அதிகம் இருப்பார்கள். பிழை செய்தவர்கள் தங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, பாதிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் படிவம் பூர்த்தி செய்துகொண்டு வருவார்கள் என்று காத்திருப்பது எந்த ஊர் முறை?

திறந்து படித்த பிறகு, எது மன்னிப்பு கொடுக்க வேண்டிய வழக்கு, எது கேட்க வேண்டிய வழக்கு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் மொழியில்தான் இரண்டு சொல் இருக்கிறதே.

கத்பர்ட்டில் மவுண்ட் வெர்னன் பாப்டிஸ்ட் சபையின் கல்லறைத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். லீனாவின் தலைமாட்டுக் கல் 1998-ல் அந்தச் சபையார் 250 டாலர் சேர்த்து வைத்தது. அரசாங்கப் பணம் அதில் ஒரு சென்ட்கூட இல்லை. கோப்புகளைத் திறந்து நகல் எடுக்க வாரியத்தில் நிதி இல்லை என்று பதில் வந்தால், பக்கத்துக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஜார்ஜியாவில் ஓட்டும் ஜூரி எண்ணும் உள்ள ஒரு தமிழ்ப் பெண்